வளர்ந்தோரின் குழந்தைமை: தமிழ் இலக்கிய மரபில் வியப்பும் விளையாட்டும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்திற்குரிய வியப்பு, விளையாட்டு, நன்னம்பிக்கை ஆகியவற்றை முதிர்ந்த வயதிலும் காத்துக்கொள்வது பற்றித் தமிழ் இலக்கிய மரபு நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் முதல் பாரதியின் கண்ணன் பாட்டு வரை அச்சிந்தனை எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்கப் பாடல்களில் பெரும்பாலும் நினைவாகவும் காட்சியாகவும் நின்ற குழந்தைமை, பக்தி இலக்கியத்தில் முதியோர் தாமே மேற்கொள்ளும் பயிற்சியாக மாறியது. பிள்ளைத்தமிழ் அதற்கு இலக்கணம் வகுத்தது. பாரதி அதனை வீட்டிற்கும் தெருவிற்கும் கொணர்ந்தார். இம்மரபு போற்றிய குழந்தைமை துன்பம் அறியாத பேதைமை அன்று; துன்பத்தை அறிந்தபின் மேற்கொள்ளப்பட்ட ஒரு நிலை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குழந்தைமை, மருட்கை, விளையாட்டு, சாழல், பிள்ளைத்தமிழ், அம்புலிப் பருவம், பெரியாழ்வார், பாரதி

முன்னுரை

பிள்ளைத்தமிழ் நூல்களைக் குழந்தை இலக்கியத்தின் முன்னோடிகளாகக் கருதுவார் உளர். அந்நூல்களின் சொல்லாட்சியையும் சந்த அமைப்பையும் புராணச் செறிவையும் நோக்கின் அவை குழந்தைகள் படிப்பதற்காக எழுந்தவை அல்ல என்பது தெளிவாகும். அவற்றைப் பாடியோர் முதிர்ந்த புலவர். கேட்டோர் கோயில் மண்டபத்திலும் அரசவையிலும் மடத்திலும் கூடிய வளர்ந்தோர். அவ்வாறாயின், வளர்ந்தோர் ஒருவர் வளர்ந்தோர் அவையில் தாயின் குரலை மேற்கொண்டு தெய்வத்தையோ அரசனையோ மழலைக் குழந்தையாக்கிக் கொஞ்சியது எதன்பொருட்டு என்னும் வினா எழுகிறது. பிள்ளைத்தமிழை ஆராய்ந்தோர் பெரிதும் அதன் பருவப் பகுப்பையும் யாப்பையும் பக்திச் சுவையையும் விளக்கியுள்ளனர். பாடுவோரிடத்தும் கேட்போரிடத்தும் அது காத்துவந்த மனநிலையை முதன்மைப்படுத்தி நோக்குவது இங்குக் கொள்ளப்படும் நெறியாகும்.

1. மெய்ப்பாட்டியலில் மருட்கையும் விளையாட்டும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். வியப்பாகிய மருட்கைக்கு அவர் தரும் நிலைக்களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. மலையும் கடலும் போன்ற பெரியனவற்றைக் கண்டு வியத்தல் எவர்க்கும் இயல்பு. சிறியதைக் கண்டும் வியக்கலாம் எனச் சிறுமையைப் பெருமைக்கு இணையாக வைத்தது கருதத்தக்கது. ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாகத் திரிவது. விதை முளையாவதும் முளை மரமாவதும் அதன்பாற்படும். சிறுமையும் ஆக்கமும் குழந்தையின் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவன. பழகிய கண்ணுக்கு மறைந்துபோவன.

உவகைக்குரிய நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகியன கூறப்படுகின்றன. செல்வ நுகர்ச்சி, அறிவு, காதல் என முதிர்ந்த வாழ்வின் பேறுகளோடு விளையாட்டையும் ஒருசேர எண்ணியமையால், விளையாட்டு சிறார்க்கு மட்டும் உரியதெனத் தொல்காப்பியர் கருதவில்லை என்பது பெறப்படும். அகத்திணை மாந்தரும் புறத்திணை மாந்தருமாகிய வளர்ந்தோரின் உணர்வுகளை ஆராயும் இயல் இது. அவர்தம் உணர்வு வாழ்வில் வியப்பிற்கும் ஆடலுக்கும் இலக்கண ஆசிரியரே இடம் வரையறுத்துள்ளார் என்பதே பிற்கால வளர்ச்சியை நோக்குவதற்கு அடிப்படையாகும்.

2. சங்கப் பாடல்களில் நினைவும் காட்சியும்

சங்கப் பாடல்களில் குழந்தைமை மூவகையாக நிற்கிறது. முதலாவது, பெற்றோர் காணும் காட்சி. புறநானூற்று 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி, பலரோடு உண்ணும் பெருஞ்செல்வர்க்கும் குறுகுறு நடந்து வந்து நெய்ச்சோற்றைத் தொட்டும் துழந்தும் மெய்யெலாம் பூசும் மக்கள் இல்லையேல் வாழ்நாளிற் பயன் இல்லை என்கின்றான். அரசனாகிய அவன் பயனுடையதெனக் காட்டுவது உணவின் செம்மையை அன்று, அதன் சிதைவையே. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் சிறுகை அளாவிய கூழை அமிழ்தினும் இனியதெனக் கூறி இக்கருத்தையே வலியுறுத்துகிறது.

இரண்டாவது, முதுமையில் எழும் நினைவு. 243ஆம் பாடலில் ஒரு முதியவர் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, மகளிரோடு கைகோத்து ஆடியது, நீரிற் படிந்த மருத மரக்கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் வியக்க மடுவிற் குதித்தது, அடிமணலை அள்ளி வந்து காட்டியது என ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்லவராய், பூண் செறிந்த கோலை ஊன்றி நிற்கும் நிலையில் அவ்விளமை இனி எங்குளது என வினவுகின்றார். அக்கோலைக் குறித்த தொடராலேயே அவர் தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் பெற்றார். அவர் நினைவிலுள்ள ஆட்டங்கள் அனைத்தும் பிறரோடு ஆடியவை. பிறர் கண்டு வியந்தவை. இழந்தது உடலின் வலிமை மட்டும் அன்று, உடன் ஆடிய கூட்டமும் ஆகும்.

மூன்றாவது வகை கலித்தொகையின் 51ஆம் பாடலில் உள்ளது. முன்னர்த் தெருவிற் கட்டிய சிற்றிலைக் காலாற் சிதைத்தும், மாலையைப் பறித்தும், வரிப்பந்தைக் கொண்டோடியும் துன்புறுத்திய சிறுவன், இளைஞனாகி உண்ணுநீர் வேண்டி வந்து தலைவியின் கையைப் பற்றுகின்றான். அவள் அலற, தாய் ஓடி வருகிறாள். நீர் விக்கினான் எனத் தலைவி பொய் கூறுகிறாள். தாய் அவன் முதுகை நீவுகிறாள். அவன் கடைக்கண்ணால் நோக்கி நகுகின்றான். சிற்றில் சிதைத்த குறும்பு காதலாக வளர்ந்த பின்னும் குறும்பாகவே நிற்கிறது. விளையாட்டு இங்கு நினைவாகச் சுருங்காமல் முதிர்ந்த உறவின் மொழியாகத் தொடர்கிறது. பிற்கால மரபு பற்றிக்கொண்ட இழை இதுவே.

3. துயருக்குப் பின் எழுந்த ஆட்டம்

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதை இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. கோவலன் கொலையுண்டான், மதுரை எரியுண்டது, பாண்டியனும் கோப்பெருந்தேவியும் மாண்டனர், வஞ்சியில் கண்ணகிக்குக் கோயில் எழுந்தது. கண்ணகியோடு உறவுடைய மகளிர் வந்து அழுது அரற்றுகின்றனர். அந்த அழுகையை அடுத்து இளங்கோவடிகள் அமைத்திருப்பவை அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு என்பன. மகளிர் அம்மானை வீசியும் பந்தடித்தும் ஊசலாடியும் உலக்கை கொண்டு குற்றியும் பாடும் பாடல்கள் இவை.

இவற்றுள் கந்துக வரி பாண்டியனை வாழ்த்துகிறது. ஆராயாது கோவலனைக் கொல்வித்தவன் பாண்டியன். கண்ணகியோ தெய்வ வடிவில் தோன்றிப் பாண்டியன் குற்றமற்றவன் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறிவிடுகிறாள். அதன் பின்னரே வஞ்சி மகளிர் அவன் குலத்தை வாழ்த்திப் பந்தடிக்கின்றனர். சோழர்க்கு அம்மானை, பாண்டியர்க்குப் பந்து, சேரர்க்கு ஊசல் என மூவேந்தரும் ஆட்டத்தின் வாயிலாக ஒன்றுபடுத்தப்படுகின்றனர். நீதிமன்றத்தில் தீராத வழக்கு விளையாட்டுக் களத்தில் தீர்கிறது எனலாம். விளையாட்டு இங்குத் துயரை மறைப்பதற்கு வந்தது அன்று. அழுகை முழுமையாக இடம்பெற்ற பின்னரே ஆட்டம் தொடங்குகிறது. இவ்வரிசைமுறை காப்பிய அமைப்பில் கருதிச் செய்யப்பட்டதெனக் கொள்ளத்தகும்.

4. குரல் மாற்றிப் பாடிய அடியார்

பக்தி இலக்கியத்தில் ஒரு பெருந்திருப்பம் நிகழ்கிறது. வளர்ந்தோர் குழந்தையைக் காண்போராகவும் நினைப்போராகவும் இருந்த நிலை மாறி, ஆட்டத்தினுள் தாமே ஒரு பங்கை ஏற்கின்றனர். மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சராக விளங்கியவர் என்பது மரபு. அரச காரியத்திற் பழகிய அவர் திருவாசகத்தில் அம்மானை ஆடும் பெண்ணாகவும், ஊசலாடும் பெண்ணாகவும், பூக்கொய்யும் பெண்ணாகவும் குரல் மாற்றிப் பாடுகின்றார்.

அவற்றுள் திருச்சாழல் வினாவிடை விளையாட்டு. ஒருத்தி இறைவனை எள்ளி வினவ, மற்றொருத்தி விடை கூறி மடக்குகிறாள். உங்கள் தலைவன் தைத்த கோவணம் கட்டுவது ஏன்? தாயும் தந்தையும் இன்றித் தனித்திருப்பவன் அல்லனோ? இவை சமய வாதத்தில் எழக்கூடிய கடாக்களே. மறைகளையே அவன் கோவணமாகச் சாத்தினான் என்றும், தனியனாயினும் அவன் வெகுண்டால் உலகம் பொடியாகும் என்றும் விடை வருகிறது. ஐயமும் தெளிவும் இரு தோழியரின் வாய்ப்போட்டியாக மாறியமையால், நம்பிக்கையைக் கேலிக்கு உட்படுத்தியும் அதனை இழவாதிருக்கும் நிலை உருவாகிறது. திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியில் இவ்வடிவத்தைக் கையாண்டிருப்பதால், சமய எல்லை கடந்து பயின்ற ஆட்டமரபு இது என்பது விளங்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பெரியாழ்வார் இத்திருப்பத்தை முழுமையாக்கினார். வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு புரிந்த அவர், யசோதையின் குரலில் கண்ணனின் பிறப்பு, தாலாட்டு, செங்கீரை, சப்பாணி, தளர்நடை எனப் பல நிலைகளைப் பாடினார். பெருவிரலைப் பிடித்துச் சுவைக்கும் குழவியின் பாதத்தைக் காண வருமாறு அயல் மகளிரை அழைக்கின்றார். குளிப்பாட்டி நாவழிக்கும் தாய், அங்காந்த வாயினுள் ஏழுலகையும் காண்கிறாள். உலகனைத்தையும் காணும் இப்பெருவியப்பு வேள்விச் சாலையிலோ தவக்குடிலிலோ நிகழவில்லை; அன்றாட வீட்டுப் பணியின் இடையே நிகழ்கிறது. நிலவை அழைக்கும் பதிகத்தில், என் மகனைச் சிறியன் என இகழாதே, சிறுமையின் இயல்பை மாவலியிடம் கேட்டறிக எனத் தாய் நிலவை எச்சரிக்கின்றாள். வாமனனாய் வந்து உலகளந்த கதையை உட்கொண்ட இக்கூற்று, சிறுமையை மருட்கையின் நிலைக்களனாக வைத்த தொல்காப்பியருக்கு உரை எழுதினாற் போல அமைந்துள்ளது.

பெரியாழ்வாரின் நன்னம்பிக்கையும் தனித்தன்மை உடையது. திருப்பல்லாண்டில் இறைவனிடம் வரம் வேண்டாது, இறைவனுக்கே தீங்கு நேராதிருக்க வாழ்த்துகின்றார். பொங்கும் பரிவு என வைணவ ஆசிரியர்கள் இதனைப் போற்றுவர். குழந்தைக்கு ஏதம் நேருமோ என்னும் தாயின் அச்சமே வாழ்த்தாகிறது. அச்சமின்மையின் விளைவாக அன்றி அன்பு கலந்த அச்சத்தின் விளைவாக நன்னம்பிக்கை பிறக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

5. இலக்கணமாக அமைந்த ஆட்டம்

பெரியாழ்வாரிடம் நெகிழ்வாக இருந்த பருவங்கள் பின்னர் வரையறை பெற்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் கிடைக்கும் முதல் முழுநூலாகக் கருதப்படுகிறது. பாட்டியல் நூல்கள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களைப் பொதுவாக்கின. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்குக் கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல் என்பனவும் இறுதி மூன்றாயின. பருவத்திற்குப் பத்தாக நூறு பாடல் பாடுதல் வழக்காயிற்று. இவற்றுள் சிறுதேர் பட்டினப்பாலையில் புகார்ச் சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரையும், சிற்றில் கலித்தொகையின் மணல்வீட்டையும் நினைவூட்டுவன. சங்கத் தெருவின் ஆட்டப்பொருள்கள் இலக்கண அமைப்பில் நிலைபேறு எய்தின.

இவ்வமைப்பில் அம்புலிப் பருவமே பாடுதற்கு அரியதாகக் கருதப்பட்டது. அம்புலி பாடுவது புலி என்னும் வழக்கும் புலவரிடையே உண்டு. குழந்தையோடு ஆட வருமாறு நிலவை அழைக்கும் இப்பருவத்தில் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் அமைய வேண்டும். நீயும் என் குழந்தையும் ஒப்புடையீர் என்பது சாமம். உனக்குக் களங்கமும் தேய்வும் உள, இக்குழந்தைக்கு அவை இல்லை என்பது பேதம். வந்தால் இன்னின்ன பேறு பெறுவாய் என்பது தானம். வாராவிடின் கேடு விளையும் என்பது தண்டம். பகைவரை வெல்லவும் வேற்றரசரை வசப்படுத்தவும் அமைச்சர் கையாளும் இவ்வுபாயங்கள் அழும் குழந்தையின் பொருட்டு எட்டாத நிலவின்மேல் ஏவப்படுகின்றன. அரசியல் அறிவு முழுவதும் ஆட்டப் பொருளாகிறது. நிலவு வாராது என்பதைப் பாடும் புலவரும் அறிவர். கேட்கும் அவையும் அறியும். அறிந்தே அழைப்பதில்தான் இப்பருவத்தின் சுவை உள்ளது.

இவ்வாட்டத்தில் ஈடுபட்டோர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வரைந்து தருக்க நெறியில் ஒப்பற்று விளங்கிய சிவஞான முனிவர், குளத்தூர் அமுதாம்பிகை பிள்ளைத்தமிழையும் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இயற்றிய பிள்ளைத்தமிழ் நூல்களுள் ஒன்று, பெரியபுராணம் பாடிய சேக்கிழாரையே குழந்தையாக்கிப் போற்றுவது. இஸ்லாமிய மரபில் செய்யிது அனபியா புலவரின் நபிநாயகம் பிள்ளைத்தமிழும், கிறித்தவ மரபில் அருள் செல்லத்துரையின் இயேசுபிரான் பிள்ளைத்தமிழும் தோன்றின. சமயக் கொள்கைகளில் வேறுபட்டோர் தம் போற்றுதற்குரியோரைத் தொட்டிலில் இட்டுக் கொஞ்சும் முறையில் ஒன்றுபட்டனர்.

பதினேழாம் நூற்றாண்டினரான குமரகுருபரர், திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது நிகழ்ந்ததாக ஒரு கதை வழங்குகிறது. வருகைப் பருவத்தின்போது அம்மையே அர்ச்சகரின் சிறுமி வடிவில் வந்து, மன்னர் மடியில் இருந்து, அவர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவர்க்கு அணிவித்தாள் என்பர். இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாவிடினும், பிள்ளைத்தமிழ் யாது செய்யவல்லது எனத் தமிழ்ச் சமூகம் கருதியது என்பதற்கு இக்கதை சான்றாகும். அவை நடுவே ஒரு சிறுமி அரசனின் அணியை எடுத்துப் பிறர்க்கு அளிக்கிறாள், எவரும் தடுக்கவில்லை. குழந்தையின் முன் ஆட்சியின் தோரணை தளர்கிறது.

6. முகமனும் வாய்பாடும்

இவ்விலக்கிய வகைமீது இரு குறைகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, அது வாய்பாடாக இறுகிவிட்டது என்பது. மற்றொன்று, அரசரையும் தலைவரையும் முகமனுக்காகப் பாடும் கருவியாகியது என்பது. இருபதாம் நூற்றாண்டில் காந்தியடிகள் மீதும் அரசியல் தலைவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் நூல்கள் எழுந்தன என்பதை நோக்க, இரண்டாம் குறையை எளிதில் மறுத்தல் இயலாது.

வாய்பாடு என்பதைப் பொறுத்தவரை, எல்லா விளையாட்டிற்கும் விதி உண்டு என்பதை நினைதல் வேண்டும். கழங்காட்டத்திலும் பந்தாட்டத்திலும் விதியே ஆட்டத்தை இயலச் செய்கிறது. வளர்ந்த ஒருவர் காரணமின்றிக் கொஞ்சிப் பேசத் தயங்குவார். பருவ அமைப்பு அவர்க்கு அதற்கான இசைவை அளிக்கிறது. ஆதலின் வாய்பாடு குழந்தைமைக்குப் பகை அன்று. முகமனே உண்மையான பகை. காப்புப் பருவத்தில் தெய்வங்களைக் கூவி அழைப்பவர் குழந்தைக்கு நேரக்கூடிய தீங்கை உண்மையாகவே அஞ்சவேண்டும். பாட்டுடைத் தலைவரிடம் பரிசிலை எதிர்நோக்குவோர்க்கு அவ்வச்சம் இல்லை. பரிவு நீங்கியவிடத்துப் பத்துப் பருவமும் முறையாக அமைந்தும் நூல் உயிர்பெறுவதில்லை.

7. தெருவிற்கு வந்த பிள்ளை

1917ஆம் ஆண்டு பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட பாரதியின் கண்ணன் பாட்டு இம்மரபின் அடுத்த படிநிலை. அதில் கண்ணம்மாவைக் குழந்தையாகக் கொண்ட பாடல், பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது. கண்ணன் விளையாட்டுப் பிள்ளையாக வரும் பாடலோ தெருப்பெண்களின் முறையீடாக அமைந்துள்ளது. பழத்தைத் தந்துவிட்டுப் பாதி தின்னும்போதே பறிப்பவன், கண்ணை மூடச்சொல்லிவிட்டுப் பூவைத் தோழியின் கூந்தலில் சூட்டுபவன் என அவன் குறும்புகள் அடுக்கப்படுகின்றன. கலித்தொகைச் சிறுவனின் குரலும் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் சிற்றில் சிதைப்பவனிடம் முறையிட்ட சிறுமியரின் குரலும் இப்பாடலில் கலந்து ஒலிக்கின்றன. பருவ வரையறையும் நூறு பாடல் என்னும் அளவும் நீங்கின. முறையீடும் கொஞ்சலும் மட்டும் எஞ்சின.

இப்பாடல்கள் இன்ப வாழ்வின் நடுவே எழுந்தவை அல்ல. 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் அரசியல் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தார். அவர் நடத்திய இந்தியா இதழ் 1910இல் நின்றுபோயிற்று. வறுமையும் ஒற்றர் கண்காணிப்பும் தொடர்ந்தன. சிறார்க்கான பாப்பா பாட்டும் அக்காலத்திலேயே பிறந்தது. அழுகைக்குப் பின் பந்தடித்த வஞ்சி மகளிரின் நிலைக்கும் அச்சத்தினூடே பல்லாண்டு பாடிய ஆழ்வாரின் நிலைக்கும் இது நெருங்கியது.

முடிவுரை

தமிழ் மரபில் வளர்ந்தோரின் குழந்தைமை மூன்று அடிப்படைகளில் நிலைத்தது என்பது மேற்கண்ட சான்றுகளால் தெளியப்படும். முதலாவது, அது நினைவில் தேங்குவதன்று. தாயாகவோ தோழியாகவோ ஒரு பங்கை ஏற்று ஆடப்படுவது. நினைவில் மட்டும் நின்றபோது தொடித்தலை விழுத்தண்டினாரின் இரக்கமாக முடிந்தது. பங்கேற்றபோது பெரியாழ்வாரின் பல்லாண்டாயிற்று. இரண்டாவது, அதற்கு உடன் ஆடுவோர் வேண்டும். சாழலுக்கு இருவர், பிள்ளைத்தமிழுக்கு ஓர் அவை, பாரதியின் பிள்ளைக்கு ஒரு தெரு என ஒவ்வொரு காலத்தும் அக்கூட்டம் வெவ்வேறு வடிவில் அமைந்தது. மூன்றாவது, அது துன்பத்தை மறுப்பதில்லை. துன்பத்தை அறிந்தோர் ஒருவர்மீது ஒருவர் கொண்ட பரிவிலிருந்து எழுவது.

பிள்ளைத்தமிழைக் குழந்தை இலக்கியமாகவோ புகழ் இலக்கியமாகவோ மட்டும் வகைப்படுத்துவது இவ்வுண்மையை மறைத்துவிடும். பாட்டுடைத் தலைவரின் பெருமையைக் கொண்டு மட்டுமன்றி, பாடுவோரிடத்தும் கேட்போரிடத்தும் மருட்கையையும் பரிவையும் எவ்வளவு எழுப்புகிறது என்பதைக் கொண்டும் ஒரு பிள்ளைத்தமிழ் நூலை மதிப்பிடுதல் தகும். அவ்வளவுகோலைக் கொள்ளின், பல நூறு ஆண்டுகளாகத் தமிழ்ப் புலவர் வாராத நிலவை ஏன் சலியாது அழைத்து வந்தனர் என்பதும் விளங்கும்.